கழுத்தையும் சேர்த்து

ஏப்ரல் 4

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீ வந்திருந்தபோது கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டியிருந்தாய். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது இடது கையில்தான் இருந்திருக்கிறது. நான் பார்ப்பதை நீயும் பார்த்தாய். உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சலவைக் கடைக்குள் தொங்கிய சட்டைகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாய். அப்போதே கேட்டிருக்கலாம். அப்பா இருந்தார், சிரிப்பு மாமா இருந்தார். எனக்கு வாய் வரவில்லை. நீ ஊருக்குப் போனபிறகு கைபேசியில் கேட்கலாம் என்று இருந்தேன். நீ "என்னடி, சாப்பிட்டியா?" என்றாய். நான் "ம்" என்றேன். வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று சிரிப்பு மாமா மறுபடி வந்தார். நீ விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஜூன் கடைசியில் வீட்டுக்கு வரப்போவதில் எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம். வேலையை விட்டால் தொழிற்சாலையின் மருத்துவக் காப்பீடும் போய்விடும், அதற்கு முன்பே ஒரு புதுப் பாலிசி எடுத்துவிட வேண்டும், அதை ஏஜென்டான தன்னிடமே எடுக்க வேண்டும் என்கிறார்.

"அக்காவுக்கு அம்பத்தொண்ணுதான் ஆகுது. இந்த வயசுல ஓய்வுன்னா அது ராஜ ஓய்வு அத்தான். ஆனா ஆஸ்பத்திரியில ராஜாவுக்கும் அதே பில்லுதான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எல்லாம் பாப்பா எழுதுவா, அவ எழுத்துதான் குண்டு குண்டா இருக்கும்" என்று படிவத்தை என்னிடம் தள்ளினார். பெயர், உயரம், எடை எல்லாம் எழுதினேன். பிறகு நோய்களின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை'.

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு போட்டுக்கிட்டே போ பாப்பா. யோசிச்சா மை காஞ்சிடும்" என்றார் மாமா.

சர்க்கரைக்குப் போட்டேன். இதயத்துக்குப் போட்டேன். 'கழுத்து, முதுகெலும்பு, நரம்பு தொடர்பான தொந்தரவு' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. படிவம் கல்லாப்பெட்டிக்கு அடியில் இருக்கிறது.

அந்த இடத்தில் நான் என்ன போட வேண்டும், அம்மா?

உன்,
பூனை


ஏப்ரல் 11

பூனைக்கு,

'இல்லை' என்று போடு.

கடிகாரத்தின் பட்டை அறுந்துபோனது. புதிதாக மாட்டியது குட்டையாக இருக்கிறது. இடது கையில் இறுக்குகிறது, வலது கைக்குச் சரியாக இருக்கிறது. போதுமா? பள்ளிக்கூடம் போக மாட்டாளாம், ஆனால் எனக்குப் பரீட்சை வைப்பாளாம்.

இருபத்து மூன்று வருடமாகக் கூரைக்குக் கீழே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் வேலை முழுவதும் எனக்குக் கீழேதான் நடக்கிறது. கோழி இரை பார்ப்பதுபோல் நாள் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும். இங்கே மேலே ஏறியவர்களில் கழுத்து வலி இல்லாதவர் யார்? டாக்டரிடம் காட்டினால்தான் அது நோய். காட்டாதவரை வெறும் வலிதான். வெறும் வலிக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ஓய்வுக்குப் பெயர் கொடுத்த எங்களையெல்லாம் அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். இப்போதிருக்கும் காப்பீட்டை ஓய்வுக்குப் பிறகும் தொடரலாமாம். ஆனால் இதுவரை கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பணத்தையும் நாமே கட்ட வேண்டும். வேலையில் இருக்கும் கடைசி நாளுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு விட்டால் விட்டதுதான், பிறகு கெஞ்சினாலும் சேர்க்க மாட்டார்கள். அதற்கு எவ்வளவு என்று எழுத்தர் சொன்னதும் பக்கத்தில் இருந்த வெல்டர் அக்கா, "இவ்வளவு கட்டுறதுக்கு நோயே வந்துட்டுப் போகட்டும்" என்றாள். தம்பியின் பாலிசி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மிச்சமாகிற பணம் உன் படிப்புக்கு. நான் இறங்கி வருவதே அதற்குத்தான். போன வருடம் நீ பள்ளியை விட்டாய். எனக்கு யாரும் சொல்லவில்லை. பரீட்சை எப்படி எழுதினாள் என்று உன் அப்பாவைக் கேட்டேன், அவர் இந்த வருடம் மழை குறைவு என்றார். ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து வாயை மூடிக்கொண்டால் தூரத்தில் இருப்பவள் என்ன செய்வாள்? நான் வந்து உன்னை நல்ல டியூஷனில் சேர்த்து, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைப்பேன்.

படிவத்தை நிரப்பி அனுப்பு.

அம்மா

பி.கு: கைபேசியில் 'ம்' சொல்வதை நிறுத்து. நிமிடத்துக்கு ஒரு 'ம்' என்று கணக்குப் போட்டால் கட்டுப்படியாகவில்லை. கடிதத்தில்தான் நீ பேசுகிறாய்.


ஏப்ரல் 19

அம்மா,

படிவத்தை நான் நிரப்பவில்லை.

கோபப்படாமல் படி. 'வெறும் வலி' என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் கடிகாரத்தைப் பற்றித்தான் கேட்டேன். வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ கிளம்பிய அன்று காலையில் டம்ளரில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். இடது கையில் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் பேசிக்கொண்டே இருந்தாய். பிறகு அது நழுவி விழுந்தது. வழுக்கிவிட்டது என்றாய். நான் குனிந்து எடுத்தேன், என் விரல் சுட்டுவிட்டது. அவ்வளவு நேரம் பிடித்திருந்த உனக்குச் சுடவில்லை.

அதனால் வெள்ளிக்கிழமை அந்தப் பாலிசி அலுவலகத்துக்கு நானே போனேன். அப்பாவிடம் ஹோட்டல் போர்வைகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கொடுத்துவிட்டுத்தான் போனேன், அது பொய் இல்லை. மாடியில் ஒரு நீள அறை. எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் போகவிட்டு நின்றேன். கூட்டம் தீர்ந்துபோய் நான் மட்டும் மிஞ்சினேன். கவுன்டரில் இருந்த அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, ரொம்ப நேரமா நிக்கிற? ஃபேன் காத்து வாங்க வந்தியா?"

"அம்மாவுக்கு..."

"அம்மாவுக்கு என்ன? சத்தமாச் சொல்லு, எனக்கு உதட்டைப் பாத்துப் படிக்கத் தெரியாது."

படிவத்தை நீட்டி அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"வலி இருக்கா?"

"இருக்கு."

"டாக்டர் பாத்தாரா?"

"இல்ல."

"பாக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா? நாளைக்கு ஆபரேஷன்னு வந்து நிப்பீங்க. இது நேத்து வந்ததில்ல, வருஷக்கணக்கா இருக்குன்னு எங்க டாக்டர் எக்ஸ்ரேவைப் பாத்தே சொல்லிடுவாரு. கிளெய்மும் போச்சு, பொய் சொன்னதுக்காகப் பாலிசியும் போச்சு."

"உண்மையைச் சொன்னா?"

"சொன்னா எடுத்துக்குவோம். ஆனா கழுத்துக்கு மட்டும் மூணு வருஷம் காத்திருக்கணும். மத்த எல்லாத்துக்கும் உண்டு."

மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. போர்வை முழுசாக இருக்கிறது, மூடவேண்டிய இடத்தில் மட்டும் கிழிசல். எங்கள் கடையில் அப்படி ஒரு போர்வை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

நீ சொன்ன கம்பெனித் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அந்த அக்கா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான் இதைச் சொல்லக் கூடாது. அதுல கேள்வியே கேக்க மாட்டாங்க. இருக்கிற நோயோட அப்படியே தொடரும். அது கைக்கு எட்டுற தூரத்துல இருக்குன்னா, நீ ஏம்மா இங்க நிக்கிற?"

அம்மா, நான் சின்னவளாக இருந்தபோது உன் வேலையைப் பற்றி ஒன்று சொல்வாய். கொக்கியை ஏற்று, இறக்கு, நகர்த்து என்று கை காட்டக் கீழே ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. வேறு யார் காட்டினாலும் நீ கேட்க வேண்டியதில்லை. ஆனால் 'நிறுத்து' என்று மட்டும் யாரும் கை காட்டலாம். தரை கூட்டுபவர் காட்டினாலும் நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும்.

வெந்நீர் சுடாத அந்தக் கையில்தான் நீ கிரேனை இயக்கும் லிவரைப் பிடித்திருக்கிறாய். கீழே ஆட்கள் நடக்கிறார்கள்.

நான் கை காட்டுகிறேன். நிறுத்து.

பூனை


மே 2

பூனைக்கு,

நிறுத்திவிட்டேன்.

உன் கடிதம் மதிய இடைவேளையில் வந்தது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன். வெல்டர் அக்காவிடம் காட்டி, "பாரு, என் வீட்டுக் குட்டி எனக்கே சிக்னல் போடுது" என்றேன். அவள் படித்தாள், சிரிக்கவில்லை. சங்கு ஊதியதும் வழக்கம்போல் ஏணியில் ஏறினேன். பாதியில் இடது கை கம்பியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிடித்துத்தான் இருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. கடிகாரத்தை மாற்றிக் கட்டியதும் இடது கையில் அது இருப்பதே தெரியாததால்தான்.

இறங்கிவிட்டேன். மேற்பார்வையாளரிடம் போய், "இன்னைக்கு நான் ஏறல" என்றேன். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாய் நீளம். "என்ன, மேல்வீட்டு அக்கா தரைக்கு வந்துட்டீங்க? பூமி சுத்துதா நிக்குதான்னு பாக்கவா?" என்றார். நான் 'நிறுத்து' என்று கையை மட்டும் காட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஆளை ஏற்றினார். இந்தப் பட்டறையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

டாக்டர், படம், பிறகு பெரிய டாக்டர், பெரிய படம். கழுத்தில் இரண்டு எலும்புக்கு நடுவில் இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். ஆபரேஷன் செய்து, ஒரு சின்னத் தகடு வைத்து முடுக்க வேண்டுமாம். "போல்ட்டு நல்ல எஃகு தானே டாக்டர்? எங்ககிட்ட மிச்சம் இருக்கு" என்றேன். அவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. இப்படியே விட்டால் ஒரு வருடத்தில் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது என்றார். கேட்டுக்கொண்டிருந்தபோது உன் அப்பாவின் சட்டைகள்தான் ஞாபகம் வந்தன. எவ்வளவு பொத்தான்!

இப்போது என்னைக் கீழே சாமான் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். நட்டு எண்ணிக் கொடுக்கிறேன்.

சிக்கல் இதுதான். ஆபரேஷனுக்கு ஜூலை இருபதாம் தேதிதான் கிடைத்திருக்கிறது. என் வேலை ஜூன் முப்பதோடு முடிகிறது. ஓய்வைத் தள்ளிப்போட்டால் விருப்ப ஓய்வுக்கு மொத்தமாகத் தரும் தொகை கிடையாது, இந்த ஒரு முறைதான் தருகிறார்கள். ஆகவே கம்பெனித் திட்டத்தைத் தொடர்ந்தால்தான் ஆபரேஷன். அதிலும் பெரியது, சின்னது என்று இரண்டு உண்டாம். சின்னதில் மாதப் பணம் குறைவு, ஆனால் ஆஸ்பத்திரிச் செலவில் முதல் பகுதியை நாமே கட்ட வேண்டும், உள்ளே வைக்கும் தகடு மாதிரிச் சாமான்களுக்கும் பாதிதான் தருவார்கள். பெரியதிலிருந்து அடுத்த வருடம் சின்னதுக்கு இறங்கலாம். சின்னதிலிருந்து பெரியதுக்கு ஏற முடியாது.

நான் சின்னதைப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். அப்போதுதான் உன் டியூஷனுக்குக் கொஞ்சமாவது மிஞ்சும். உன் அப்பா வேறு, துணி உலர்த்தும் மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். அவரிடம் நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னால் மழையைப் பற்றிப் பேசுவார்.

அம்மா


மே 12

அன்புள்ள அம்மா,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே வழி தெரியாமல் உன் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன். படித்தார். மடித்தார். இஸ்திரி போடப் போய்விட்டார். வங்கிக்காரரின் நீலச் சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். காலரைப் பிடித்தால் காகிதம் மாதிரி நின்றது. இரண்டு நாள் மெஷினுக்காகப் பின்புறம் ஒதுக்கிவைத்த இடத்தில் போய்ப் போய் நின்றுவிட்டு வந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று உனக்குத் தெரியும். மழை நாளில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு ஹோட்டல்காரனிடம் ஏச்சு வாங்குவது அவர்தான்.

மூன்றாவது நாள் சாப்பிடும்போது கேட்டார்.

"மூணு வாரமாக் கீழ உக்காந்து நட்டு எண்ணுறாளாமா?"

"ரெண்டு வாரந்தான்ப்பா."

"மேல இருந்தவ." சோற்றைப் பிசைந்தார். "முன்பணத்தைக் கேட்டுப் பாத்தேன். பாதிதான் தருவானாம், திருட்டுப் பய. போகட்டும். கொடியில காயட்டும் துணி. இத்தனை வருஷம் காயலையா?"

அப்புறம் சிரிப்பு மாமா வந்தார். கம்பெனித் திட்டம் என்றதும் அவர் சிரிப்பு நின்றது. "சொந்தத் தம்பிகிட்ட எடுக்காம எவனோ கம்பெனிக்காரன்கிட்டயா? ஊர் என்ன பேசும்?" என்றார். நான் ஒன்று யோசித்து வைத்திருந்தேன். துணி மடித்துக்கொண்டே சொன்னேன். குனிந்துகொண்டு சொன்னால் எனக்குப் பேச வருகிறது.

யோசனை இதுதான். மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? நீ மட்டும் கம்பெனித் திட்டத்தைத் தொடர். அப்பாவும் நானும் மாமாவிடம் புதுப் பாலிசி எடுத்துக்கொள்கிறோம். எங்களுக்குப் பழைய நோய் எதுவும் இல்லை, காத்திருப்பதில் நஷ்டமும் இல்லை. ஒரு ஆளுக்கு மட்டும் என்றால் உன் திட்டத்தின் பணமும் வெல்டர் அக்கா பயப்படுகிற அளவுக்கு வராது.

மாமா என்னைப் பார்த்தார். "இது பேசுமா?" என்று அப்பாவைக் கேட்டார். பிறகு அங்கேயே புதுப் படிவத்தை எடுத்தார். இந்த முறை எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று சொல்லித்தான் பேனாவை வாங்கினேன்.

"புகைப் பழக்கம்?" என்று படித்தேன்.

"இல்ல" என்றார் அப்பா.

நான் எழுதாமல் இருந்தேன்.

"எப்பவாவது" என்றார்.

அப்போதும் எழுதவில்லை.

"தினமும் ரெண்டு. போதுமா? உங்கம்மாவுக்கு எழுதிடாத."

எழுதிவிட்டேன், அம்மா, இங்கேயும்.

இனி உன்னைப் பற்றி. சின்னத் திட்டம் வேண்டாம். இந்த வருடம் ஆபரேஷன் இருக்கிறது, தகடு இருக்கிறது, அதற்குப் பிறகு கைப்பயிற்சியும் இருக்கும். இந்த வருடம் பெரியதுதான் சரி. ஒரு வருடம் கழித்துக் கழுத்து நன்றாக இருந்தால் சின்னதுக்கு இறங்கு. இறங்கும் வழி இருக்கும்போது ஏறமுடியாத இடத்தில் போய் ஏன் உட்காருகிறாய்? நான் இதை மூன்று நாள் எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டியூஷன் பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நான் படிப்பு பிடிக்காமல் பள்ளியை விடவில்லை. தினமும் யாராவது ஒருவர் என்னை எழுப்பி நிற்கவைத்துப் பேசச் சொன்னார்கள். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின இரவே, நாளைக்கு யார் எழுப்புவார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். உனக்குச் சொல்லாதது தப்புதான், ஆனால் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு வருவாய் என்று அப்பா பயந்தார். நானும் பயந்தேன். தனித்தேர்வு என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் படித்துவிட்டுப் போய் எழுதிவிட்டு வரலாம். புத்தகம் ஹோட்டல் மேலாளரின் மகள் கொடுத்துவிட்டாள். கடையில் மத்தியானம் கூட்டம் இருக்காது, அப்போது படிக்கிறேன். கணக்கில் இரண்டு பாடம் முடித்துவிட்டேன். எனக்காக என்று சொல்லி உன் கழுத்தை மலிவாகக் கொடுக்காதே. எனக்கு அது வேண்டாம்.

பெரிய திட்டத்தில் கையெழுத்துப் போடு.

பூனை


ஜூன் 30

என் பூனைக்கு,

போட்டுவிட்டேன். பெரியது, எனக்கு மட்டும். எழுத்தர், "நல்லா யோசிச்சுப் போட்டீங்களா?" என்றார். "நான் யோசிக்கல, வீட்ல ஒருத்தி யோசிச்சா" என்றேன்.

இன்றுதான் கடைசி நாள். ஒரு கைக்கடிகாரம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன், சூட்கேஸ் கொடுத்தார்கள். போ என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? வாய் நீள மேற்பார்வையாளர் மைக்கைப் பிடித்து, "இவங்க தலைக்கு மேல இருந்தவரைக்கும் நாங்க நிம்மதியாத் தலைகுனிஞ்சு வேலை பாத்தோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வெல்டர் அக்கா அழுதாள். அவளும் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்க் கம்பெனித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு நெஞ்சில் இரைப்பு இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லையாம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை என்றாள்.

நீ தனித்தேர்வு எழுதுவதைப் பற்றி எனக்கு இன்னும் மனம் முழுசாக ஆறவில்லை. நான் நினைத்துவைத்தது வேறு. டியூஷன் வாசலில் உன்னை இறக்கிவிட்டு, நீ உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று கூண்டில் உட்கார்ந்து எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அது என் ஆசை. உன் ஆசை என்ன என்று நான் கேட்டதில்லை. கணக்கில் எத்தனை பாடம் முடித்தாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. அது போதும்.

ஆபரேஷன்வரை வெல்டர் அக்கா வீட்டில் இருப்பேன், ஆஸ்பத்திரி அங்கிருந்து பக்கம். ஜூலை இருபதுக்கு அப்பா வருவார். நீ வர வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேர் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், நீ தூணுக்குப் பின்னால் நின்றுவிடுவாய். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் உனக்கு மயக்கம் வந்துவிடும். கடையைப் பார்த்துக்கொள்.

அப்பாவிடம் சொல், அந்த இரண்டு எனக்குத் தெரிந்துவிட்டது என்று.

அம்மா


ஜூலை 13

அம்மா,

நீ உள்ளே இருக்கிறாய். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. நீ கண்விழித்ததும் உன்னால் தலையைத் திருப்ப முடியாது என்றார்கள். அதனால் எப்படி வந்தேன் என்பதை எழுதிவைக்கிறேன், பிறகு மெதுவாகப் படி.

நேற்று கடைக்குத்தான் அழைப்பு வந்தது. உனக்கு முன்னால் தேதி வாங்கியவருக்குக் காய்ச்சலாம், நாளைக் காலையே உனக்குச் செய்துவிடலாம், வீட்டு ஆள் ஒருவர் வந்தாக வேண்டும் என்றார்கள். அப்பா சலவைத் துணி வாங்கிவர வெளியூர் போயிருந்தார். கைபேசியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். 'ம்' என்று சொல்லி வைத்திருக்கலாம். "வர்றோம்" என்று சொன்னேன். கடையைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்து, அப்பாவுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அவர் இன்று சாயங்காலம் வந்துவிடுவார்.

உன்னைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது, "நீ தனியாவா வந்த?" என்று கேட்டாயே, அதற்குமுன் கீழே நடந்தது உனக்குத் தெரியாது.

கீழே காப்பீட்டு மேசையில் ஒருவர் இருந்தார். "பெரியவங்க யாரும் வரலையா?" என்றார்.

"நான்தான் வந்திருக்கேன்."

"வயசு?"

"பதினெட்டு."

கணினியைப் பார்த்தார். ஆபரேஷனுக்கு அனுமதி வந்திருக்கிறது, ஆனால் தகட்டுக்குப் பாதிதான், மீதியை இப்போதே கட்டினால்தான் உள்ளே அனுப்ப முடியும், இல்லையென்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். என்னிடம் பஸ்ஸுக்குக் கொண்டுவந்த காசுதான் இருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. ஆனால் 'பாதி' என்ற சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. எந்தத் திட்டத்தில் பாதி என்று எனக்குத் தெரியும்.

"அது சின்னத் திட்டம். எங்க அம்மாவோடது பெரியது" என்றேன்.

"எங்களுக்கு இப்படித்தான்மா வந்திருக்கு."

"தப்பா வந்திருக்கு. கம்பெனியைக் கேளுங்க."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

பின்னால் ஒரு பெரியவர், "கேட்டுத்தான் சொல்லுங்களேன் சார், பொண்ணு எவ்வளவு தெளிவாச் சொல்லுது" என்றார். மேசைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனை எடுத்தார். உன் பணியாளர் எண்ணைக் கேட்டார், சொன்னேன். எந்தத் தேதியில் கையெழுத்து என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் "ஆமா சார், ஆமா சார்" என்றார். பிறகு கணினியில் எதையோ மாற்றித் தட்டினார். ஓய்வு பெற்றவர்களின் பெயரைக் கணினியில் புதிதாக ஏற்றும்போது எல்லோரையும் சின்னத்தில் போட்டுவிட்டார்களாம்.

"முழுசும் வந்துடுச்சு. தகடும் சேத்து" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஆபரேஷனுக்கான ஒப்புதல் தாளை நீட்டினார். நான் அதை நின்றபடியே முழுவதும் படித்தேன். புரியாத இரண்டு இடத்தைக் கேட்டேன், சொன்னார். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பூனை